கலப்பில்லாத பேய் எங்கே இருக்கிறது?

'ஓகாமி' என்ற ஜப்பானிய வீடியோ கேமைப் பற்றி நம்மூரில் யார் பேச்செடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பெருமூச்சு வந்துவிடும். அவர்கள் மரபைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள், அதனால் இப்படி ஒன்றைச் செய்ய முடிந்தது. நாம் எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் காலடியில் தொலைத்துவிட்டு நிற்கிறோம். பெருமூச்சு அடங்கியதும் அறிவுரை தொடங்கும். நம் பிள்ளைகள் ஜப்பான் பாணியில் வரைவதை விட்டுவிட்டு, கலப்பில்லாத நம் மரபுக்குத் திரும்ப வேண்டும். ராமாயணம் இருக்கிறது, மகாபாரதம் இருக்கிறது, எடுத்துச் செய்ய வேண்டியதுதானே? கொல்கத்தாவில் இந்த அறிவுரைக்குக் காரம் இன்னும் கூடுதல். அனிமேஷன் படிக்கிற பெண் ஒருத்தி ஒன்பது வால் நரியை மசியில் வரைந்து கொண்டுபோய்க் காட்டினால், தாகூர் பிறந்த ஊரில் இதென்ன ஜப்பான் மோகம் என்று கேட்பதற்கு ஆசிரியர்களும் மாமாக்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த ஊரில் வாழும் தமிழர்களும் விலக்கில்லை. லேக் மார்க்கெட் பக்கத்து வீடுகளில் காபியோடு சேர்த்து இதே கருத்தை ஆற்றிக் குடிக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு கருத்து இத்தனை தவறாகவும் இருக்க முடியுமா என்பதுதான் என் வியப்பு. ஜப்பானைப் பற்றி அது சொல்வது பிழை. வங்காளத்தைப் பற்றிச் சொல்வது அதைவிடப் பிழை. ஒரு விளையாட்டு எப்படி உருவாகிறது என்பதை அது யோசித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

விளையாடாதவர்களுக்காக ஓகாமியைப் பற்றிக் கொஞ்சம். 2006 ஏப்ரலில் ப்ளேஸ்டேஷன் 2க்கு வந்தது. செய்தது கேப்காம் நிறுவனத்தின் கிளையான குளோவர் ஸ்டூடியோ, இயக்கியவர் ஹிதேகி காமியா. எட்டுத் தலை நாகமான ஒரொச்சி கட்டவிழ்ந்துவிட்டது, நாடு சாபத்தில் கருகிக் கிடக்கிறது. சூரிய தேவி அமதெராசு வெள்ளை ஓநாயாக வருகிறாள். அவள் ரோமத்துக்குள் இஸ்ஸுன் என்ற கட்டைவிரல் உயர ஓவியன் ஒருவன் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் வாயடிக்கிறான். காட்சி முழுவதும் கெட்டிக் காகிதத்தில் மசித் தூரிகையால் இழுத்தது போலவே இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் அசையாமல் நின்று ஓவியச் சுருளாகிவிடும். அதன்மேல் நீங்கள் வரையலாம். வானத்தில் ஒரு வட்டம் போட்டால் சூரியன் எழும். பட்ட மரத்தைச் சுற்றி வட்டமிட்டால் பூக்கும். பகைவன் குறுக்கே கோடிழுத்தால் வெட்டு விழும். அறுந்த பாலத்தின் இடைவெளியை மசியால் நிரப்பினால் பாலம் முழுசாகும். பசித்த முயலுக்கும் கோழிக்கும் தீனி போட்டால் தேவியின் மேல் உலகத்துக்கு நன்றி பெருகும், அந்த நன்றிதான் அவளுக்குப் பலம்.

இதைப் பார்த்துத்தான் தொன்மம் அப்படியே உயிரோடு வந்திருக்கிறது என்கிறோம். எப்படி வந்தது என்பதை அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் எடுத்தது நிஜம்போலத் தோன்றும் முப்பரிமாணக் காட்டைத்தான். ப்ளேஸ்டேஷன் 2 அந்தச் சுமையைத் தாங்கவில்லை. வேறு வழி தேடியபோதுதான் மசியோவியப் பாணி வந்தது. பாணி அமைந்த பிறகு, ஆட்டக்காரரை இந்த ஓவியத்தைச் சும்மா வேடிக்கை பார்க்கவிடாமல் வரையவும் விட்டால் என்ன என்று யோசித்தார்கள், தூரிகை பிறந்தது. ஒரு கருவியின் வறுமையிலிருந்து ஒரு கலை முடிவு, அதிலிருந்து ஒரு விதி. ஆயிரமாண்டு மரபு தானாக ஊறிவந்து திரையில் வழிந்த கதை எங்கேயும் இல்லை. நகர்ந்து செல்லும் முறைக்கு 'செல்டா' தொடருக்குத் தான் கடன்பட்டதைக் காமியா மறைத்ததும் இல்லை.

மரபைக் காத்த நாடு அந்த ஆட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டுமே? விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கடையில் விற்கவில்லை. அதே 2006 அக்டோபரில் குளோவர் ஸ்டூடியோவை மூடப்போவதாகக் கேப்காம் அறிவித்துவிட்டது. பல ஆண்டு கழித்து வந்த மறுபதிப்புகளில்தான் ஓகாமி தன் ஆட்களைக் கண்டடைந்தது. காமியாவே இயக்கும் அடுத்த பாகம் வருகிறது என்ற அறிவிப்பு 2024 டிசம்பரில்தான் வந்தது.

சரி, ஆட்டத்தை விடுவோம். அதற்கு அடியிலிருக்கும் நாட்டார் மரபாவது கலப்பில்லாததா? ஓகாமியில் வரும் ஒன்பது வால் நரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் தமாமோ நோ மாயே என்ற அழகியாக அரண்மனைக்குள் நுழைந்து அரசரைச் சாகக் கிடத்தியவள் அவள். அவளுடைய பூர்வ கதையை எடோ காலத்துக்காரர்கள் சொல்லும்போது ஜப்பானுக்கு வருமுன் சீன மன்னரைக் கெடுத்தாள் என்பார்கள். அங்கேயும் நில்லாமல், இந்திய இளவரசன் ஹன்சோகுவை மயக்கி ஆயிரம் தலை கேட்டவளும் அவளே என்பார்கள். அந்த ஹன்சோகு வேறு யாருமில்லை, நம் புராணங்களின் கல்மாஷபாதன். கொல்கத்தா மாணவி வரைந்த நரி ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். கம்பர் கலைக்கோட்டு முனிவர் என்று பாடும் ரிஷ்யசிருங்கர், ஒற்றைக் கொம்புத் துறவியாகி ஜப்பானிய நோ நாடக மேடை ஏறியிருக்கிறார். 'கொன்ஜாகு' என்ற பழைய பெருங்கதைத் தொகுதியின் முதல் ஐந்து பகுதிகளும் இந்தியக் கதைகள். சரஸ்வதி பென்சைதென் ஆகி ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருத்தியாகப் படகில் போகிறாள்.

பேய்களின் கதையோ இன்னும் வேடிக்கை. யோகாய் என்று உலகம் இன்று அறியும் உருவங்களில் பல தோரியாமா செகியென் என்ற ஒரே ஓவியரின் கைவழியாக வந்தவை. 1776இல் தொடங்கி நான்கு தொகுதிகள் அச்சிட்டார். வாய்மொழியில் இருந்தவற்றை வரைந்தார், சீன நூல்களிலிருந்து எடுத்தார், போதாததற்குத் தானே சொல்விளையாட்டாகப் பல பேய்களைப் புதிதாகக் கட்டினார். 1784இல் வந்த கடைசித் தொகுதியில் பழைய சட்டி, செருப்பு, இசைக்கருவிகளெல்லாம் பேயாகின்றன. அதற்கப்புறம் மெய்ஜி அரசு நாட்டை நவீனப்படுத்துகிறேன் என்று கிளம்பியது, புத்த கோயில்களையும் ஷின்டோ கோயில்களையும் பிரித்தது, சிலைகள் உடைந்தன. பேய் நம்பிக்கையைத் துடைத்தெறியவே இனோவே என்ரியோ என்ற தத்துவ அறிஞர் பேய் ஆராய்ச்சித் துறையை உண்டாக்கினார். அறுபடாத சங்கிலியாம்!

அறுந்ததை ஒட்டியவர்களில் ஒருவர் ஐரிஷ் அப்பாவுக்கும் கிரேக்க அம்மாவுக்கும் பிறந்த லாஃப்காடியோ ஹெர்ன். மனைவி செத்சு சொன்ன கதைகளை ஆங்கிலத்தில் மாற்றி எழுதி 1904இல் 'க்வைதான்' என்று வெளியிட்டார். அவை திரும்ப ஜப்பானிய மொழிக்குப் போய்ப் பாடப்புத்தகத்தில் ஏறி, ஜப்பானியப் பாட்டிகளின் கதைகளாகிவிட்டன. பனிப்பெண்ணை இன்று ஜப்பானியக் குழந்தை அறிந்திருக்கும் வடிவம் ஹெர்னுடையது. அவருக்குப் பின் மிசுகி ஷிகெரு. இரண்டாம் உலகப் போரில் ரபவுலில் இடது கையை இழந்து திரும்பி, ஒற்றைக் கையால் யோகாய் படக்கதைகளை வரைந்து குவித்து, ஒரு தலைமுறைக்கே பேய்களை அறிமுகம் செய்தார். இத்தனை பேரின் உழைப்பின்மேல்தான் ஓகாமி நிற்கிறது. அதன் பிற்பகுதியில் வரும் பனிப்பிரதேசமும் இஸ்ஸுனின் பூர்வீகமும் ஐனு மக்களுடைய கதைகள். ஐனுக்களைப் பூர்வகுடிகள் என்று ஏற்றுக்கொள்ள ஜப்பான் நாடாளுமன்றத்துக்கு 2008 ஆயிற்று. கடைசிக் கட்டத்தில் நிலவுவாசிகளின் இரும்புக் கப்பல் ஒன்று வேறு வருகிறது. தூய மரபு தேடுபவர் அதை எந்தப் புராணத்தில் கண்டார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இனி கொல்கத்தாவுக்கு வருகிறேன். ஜப்பான் மோகம் இந்த ஊருக்கு அனிமேயோடு வந்து இறங்கிய நோய் என்கிறவர்கள், சித்பூர் சாலையை ஒட்டிய ஜோராசாங்கோ தாகூர் வீட்டு மாடிக்கு ஒருமுறை ஏறிவர வேண்டும். ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா ககுசோ 1902இல் இந்தியா வந்து விவேகானந்தரைச் சந்தித்தார், தாகூர் குடும்பத்தோடு தங்கினார். ஆசியா முழுமையும் ஒரே பண்பாடு என்று வாதிடும் அவரது நூல் மறுவருடம் விவேகானந்தரின் சீடர் நிவேதிதாவின் முன்னுரையோடு லண்டனில் வந்தது. அவர் திரும்பிப் போனதும் தன் மாணவர்கள் இருவரை இங்கே அனுப்பினார். யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ. 1903இல் சில மாதங்கள் இங்கே இருந்தார்கள். காளியையும் சரஸ்வதியையும் புத்தரையும் வரைந்தார்கள். ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தைகான் அகலத் தூரிகையால் படத்தின்மேல் நீரை இழுத்து வண்ணத்தைக் கரைப்பதைக் கவனித்த அவனீந்திரர், தன் பங்குக்கு ஒரு படி மேலே போய்ப் படத்தை அப்படியே தண்ணீருக்குள் முக்கி எடுத்தார். வங்க ஓவியத்தின் 'வாஷ்' முறை அங்கே பிறந்தது. தைகானிடம் இல்லாத ஒன்று அது, தைகான் இல்லாமல் வந்திருக்காத ஒன்றும்கூட.

1905இல் அந்த முறையில்தான் அவனீந்திரர் காவியுடுத்தி நான்கு கைகளோடு நிற்கும் 'பாரத மாதா'வைத் தீட்டினார். வங்கப் பிரிவினைக்கு எதிராக அந்நியத் துணியைக் கொளுத்திய ஆண்டு. சுதேசியத்தின் ஆகப் புனிதமான படம் ஜப்பானியத் தண்ணீரில் நனைந்தது. யாரும் அதைக் கலப்படம் என்று குப்பையில் போடவில்லை, நிவேதிதா கொண்டாடினார்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தைகான் கொண்டுவந்த அந்தக் கோடில்லாத, பனிமூட்டம் போன்ற முறை ஜப்பானில் அப்போது வசை வாங்கிக்கொண்டிருந்தது. மேற்கத்திய ஓவியத்தின் காற்றையும் ஒளியையும் பிடிக்கக் கோட்டைத் துறந்தவர்கள், மரபைக் கெடுத்தவர்கள் என்று டோக்கியோ விமர்சகர்கள் மங்கல் பாணி என்றே கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். ஆக, ஐரோப்பாவைப் பார்த்து ஜப்பானியர் மாற்றிக்கொண்டது, ஜப்பானில் துரோகம் எனப்பட்டது, கொல்கத்தாவில் கீழைத்தேயத்தின் ஆன்மாவானது. தைகான் ஊருக்குத் திரும்பி 1909இல் வரைந்து புகழ்பெற்ற படத்தில் கங்கையில் விளக்கு விடும் இந்தியப் பெண்கள் நிற்கிறார்கள். யார் யாரிடம் எடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

தூய்மைவாதிக்கு இங்கே ஒரு வலுவான சாட்சி இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன்: ரவீந்திரநாத் தாகூர். 1907இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 'டாகுர்மார் ஜூலி' என்ற பாட்டி கதைத் தொகுப்பை வெளியிட்டபோது, பாட்டியின் பைகூட மான்செஸ்டர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டதே என்று முன்னுரையில் நொந்துகொண்டவர் அவர். நியாயமான வருத்தம்தான். ஆனால் அதே தாகூர் 1916இல் ஜப்பான் போய் அங்கே பார்த்த ஓவியங்களில் மயங்கி, அராய் கம்போ என்ற ஓவியரைக் கொல்கத்தாவுக்கு வரவழைத்துத் தன் வீட்டு 'விசித்ரா' கலைக்கூடத்தில் ஆசிரியராக உட்காரவைத்தார். 1924 பயணத்தில் ஓவியர் நந்தலால் போஸையும் கூட்டிப்போனார். தாகூர் எதிர்த்தது ஆலைச் சரக்கை. கையிலிருந்து கைக்குப் போவதை அவர் எதிர்த்ததில்லை. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டுத் தாகூர் பெயரைச் சொல்லி மாணவியை விரட்டுவது தாகூருக்கே அவமரியாதை.

வங்கப் பேய்க்கு வருவோம். இன்று எந்த வங்காளியிடம் பேய் நடனம் என்று சொன்னாலும் அவர் மனத்தில் ஓடுவது சத்யஜித் ராயின் 'கூப்பி காயின் பாகா பாயின்'. கதை அவர் தாத்தா உபேந்திரகிஷோர் 1915இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழில் எழுதியது. உபேந்திரகிஷோர் வயலின் வாசித்தவர், மேல்நாட்டு அச்சுக்கலையில் கரைகண்டவர். படம் 1969இல் வந்தது. காட்டுக்குள் பேயரசன் முன் நான்கு சாதிப் பேய்கள் ஆடுகின்றன: அரசர் பேய், குடியானவர் பேய், வெள்ளைக்காரர் பேய், தொந்திப் பேய். அதற்கு ராய் எந்த வாத்தியம் வைத்தார் தெரியுமா? மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். நம் தாளவாத்தியக் கச்சேரி! ராஜாக்களுக்குச் செவ்வியல் மிருதங்கம், உழவருக்கு நாட்டுப்புற வாசம் அடிக்கும் கஞ்சிரா, விறைத்த துரைமாருக்குக் கடம், தொந்திகளுக்கு மோர்சிங்கின் கிண்டல் ஒலி. வங்காளியின் ஆகச் சொந்தமான பேய்க்கூத்து மயிலாப்பூர்த் தாளத்தில் ஆடுகிறது. எந்த வங்காளியும் இதுவரை அந்நியம் என்று எழுந்து போனதில்லை. எந்த மயிலாப்பூர்க்காரரும் ராயல்டி கேட்டதாகவும் தெரியவில்லை.

ராய் அங்கே செய்ததைக் கவனியுங்கள். பேய்களைப் பொதுவாகப் பயமுறுத்தும் கறுப்பாக விடாமல், யார் யாராக வாழ்ந்து செத்தவர்கள், எப்படி நடப்பார்கள், எந்தச் சத்தத்துக்கு அசைவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கு விதித்தார். செகியென் வரைந்து செய்ததை ராய் தாளத்தால் செய்தார். விளையாட்டு செய்கிறவர் செய்ய வேண்டிய வேலையும் இதுவேதான், கூடுதலாக அந்த ஒழுங்கை ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டு முயற்சிகள் பலவும் தடுக்குவது இந்த இடத்தில். புணேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த 'ராஜி' கண்ணுக்கு விருந்து. பஹாரிச் சிற்றோவியச் சாயல், ராஜஸ்தான் கோட்டைகள், துர்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே கதை சொல்லும் அழகு. 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்டப் போய்த் தோற்று, கைக்காசு போட்டு முடித்த விடாமுயற்சிக்குத் தலைவணங்கலாம். ஆனால் விரல் என்ன செய்கிறது? தாவுகிறது, குத்துகிறது, உருண்டு விலகுகிறது. எந்த நாட்டு ஆட்டத்திலும் செய்கிற வேலை. கதையும் சுவர்ச் சித்திரமும் நம்முடையவை, செய்கை வாடகைக்கு எடுத்தது. ஓகாமியில் கதை பத்து நாட்டுக் கலவை, செய்கை அதற்கே உரியது. தூய்மையை மூலத்தில் தேடுகிறவர்கள் இந்தத் தலைகீழைப் பார்ப்பதே இல்லை.

கொல்கத்தாவிலேயே இதைப் புரிந்துகொண்டு செய்த ஓர் ஆட்டம் உண்டு. அதில் பேயும் இல்லை, புராணமும் இல்லை. லீனா கேஜ்ரிவால் என்ற ஓவியக் கலைஞர் காணாமல்போன சிறுமிகளின் கறுப்பு நிழலுருவங்களை ஊர்ச் சுவர்களில் பதித்துவந்தவர். கொல்கத்தாவின் ஃப்ளையிங் ரோபோட் ஸ்டூடியோஸோடு சேர்ந்து 2016இல் 'மிஸ்ஸிங்' என்று ஒரு ஆட்டம் கொண்டுவந்தார். கடத்தி விற்கப்பட்ட ஒரு பெண்ணாக நீங்கள் இருக்கிறீர்கள். யாரிடம் என்ன சொல்வது, எப்போது ஓடுவது என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். தேர்வுகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. அந்த அடைப்புதான் கலை. ஓவியத்தில் சிக்காத ஒன்றை விளையாட்டால் சொல்ல முடியும் என்று கண்டதால்தான் ஒரு சுவரோவியர் இந்தப் பக்கம் வந்தார். நன்றாக வரைந்த பத்துத் தலை ராவணனைவிட இந்தக் கெடுபிடிச் சின்ன ஆட்டம் ஓகாமிக்கு நெருங்கிய உறவு.

அறிவுரைக்காரர்கள் வாய் திறக்காத ஒன்று மிச்சமிருக்கிறது. ஓகாமியின் நாயகி ஜப்பானிய அரச குலத்துக்கே மூதாயாகச் சொல்லப்படும் தேவி. அவள் வாலாட்டுகிறாள், போரடித்தால் தூங்கிவிடுகிறாள், கோழியைத் துரத்துகிறாள். பணம் கொடுத்தால் பகைவர்மேல் சிறுநீர் கழிக்கும் வித்தையையும் கற்றுக்கொள்ளலாம், அதற்கும் மேலே ஒன்று உண்டு, அதை இதழில் அச்சிட வேண்டாம். இந்தியாவில்? 2009இல் ஹைதராபாத்தில் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தபோது, கடவுளைப் பொத்தானால் ஆட்டிவைப்பதா என்று அமெரிக்காவிலிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. நம் மரபுக்குத் திரும்பு என்பவரும் சாமியை விளையாட்டுப் பொருளாக்காதே என்பவரும் பல நேரம் ஒரே ஆள்.

அந்த மரபைப் புரட்டிப் பார்த்தாலோ வேறு கதை. வங்கக் கவிஞர் பாரத்சந்திரர் 1752இல் முடித்த 'அன்னதாமங்கல'த்தில் சிவன் பிச்சையெடுக்கும் கிழவர், தெருப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். மங்கலகாவியங்களில் பார்வதி அவரைப் பிடித்துத் திட்டுகிறாள். காளிகட்டத்துப் பட ஓவியர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து, ஆலைக் காகிதத்தில் ஒரு பக்கம் காளியையும் மறுபக்கம் 1873ஆம் ஆண்டின் தாரகேஸ்வர் கொலை வழக்கையும் தீட்டி விற்றார்கள். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவை என்ன பாடுபடுத்துவான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாமியோடு விளையாடும் உரிமை நம் நாட்டார் மரபின் உயிர். அதை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தூய்மை என்று காட்டினால், கிடைப்பது காலண்டர் படம். அதுவும் ஜெர்மனி அச்சகங்களிலிருந்து வந்து காளிகட்டத்து ஓவியரைத் தெருவிலிருந்து துரத்திய அதே சரக்கின் வாரிசு.

விதி தேடி நாம் வெளியே போக வேண்டியதும் இல்லை. வங்கக் கதைகளில் விதிகள் கொட்டிக் கிடக்கின்றன. நிஷி என்ற பேய் இரவில் உங்களுக்கு வேண்டியவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் அதனால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது. ஆகவே மூன்றாம் அழைப்பு வரும்வரை பதில் சொல்லக் கூடாது. ஒலியை மட்டும் வைத்து நடத்தக்கூடிய, வயிற்றைக் கலக்கும் ஆட்டம் ஒன்று முழுசாக இதற்குள் இருக்கிறது. அம்மா குரல் ஒருமுறை. கதவுத் தாழ்ப்பாளில் உங்கள் விரல். அம்மா குரல் இரண்டாம் முறை. பிறகு அமைதி, அந்த அமைதியில் என்ன செய்வீர்கள்? மீன் பேய்க்கு மீன் கொடுத்தாக வேண்டும். சாக்சுன்னி என்ற பெண்பேய் சங்கு வளையல் போட்டிருப்பாள், யார் வீட்டுக்குள் யாராக இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரவில் கறிச்சோறு கொண்டுபோகும்போது இரும்புத் துண்டோ கரித்துண்டோ வைத்து அனுப்பிய நம் பாட்டிகளுக்கு இந்த வகை விதிகள் அத்துப்படி.

அதைவிடப் பெரியது போன்பீபி. கொல்கத்தாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் சுந்தரவனத்தின் காவல் தேவி. இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கும்பிடும் அவள் மெக்காவிலிருந்து வந்த இப்ராஹிமின் மகள் என்கிறது கதை. அவள் எதிரி புலியாக வரும் தட்சிண ராய். தேனெடுக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடும் அழுக்கில்லாத மனசோடும் காட்டுக்குள் நுழைய வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. அளவு மீறினால் அவள் காவல் இல்லை. 1986இல் புலி பின்பக்கமிருந்தே பாயும் என்பதற்காகத் தலைக்குப் பின்னால் மனித முகமூடி மாட்டிக்கொண்டு போகும் வழக்கம் அங்கே வந்தது. ஆயுதம் எடுத்தால் தோற்கும், நிறைய எடுத்தால் தோற்கும், இரண்டு முகத்தோடு நடக்க வேண்டிய ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இதில் எந்தத் துளியைத் தூய இந்து மரபென்றோ தூய வங்க மரபென்றோ பிரித்தெடுப்பீர்கள்? எடுத்தால் மிஞ்சுவது புலி மட்டும்.

நான் எதையும் எப்படியும் நகலெடுக்கலாம் என்று வாதிடவில்லை. செர்ரிப்பூ உதிரும் கொல்கத்தாத் தெரு, யாரும் இங்கே உடுத்தாத பள்ளிச் சீருடை, பெரிய கண்ணுக்குள் ஒளிப்பொட்டு என்று வரைந்து தள்ளும் கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அவை மோசம்தான். ஜப்பானியமாக இருப்பதால் மோசமில்லை. வரைந்தவர் ஜன்னல் வழியே ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை, அதனால். அவனீந்திரருக்குப் பின் வந்த வாஷ் ஓவியர்கள் பலருக்கும் இதே கதி நேர்ந்தது. எல்லாப் படத்திலும் அதே மூட்டம், அதே சோர்ந்த விரல், அதே பாதி மூடிய கண். இதைப் பார்த்துச் சலித்து யாமினி ராய் போன்றவர்கள் வேறு திசைக்குப் போனார்கள். வாஷ் முறை செத்தது அந்நியமானது என்பதால் இல்லை. திரும்பத் திரும்பச் செய்ததால் செத்தது. உள்ளூர்ச் சரக்கும் அப்படியே சாகும்.

வெளியார் தொடக் கூடாது என்கிறவர்கள் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வையும் நினைவில் வைக்கட்டும். 2020இல் வந்த அந்தச் சாமுராய் ஆட்டத்தைச் செய்தது அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம். அதன் இயக்குநர்கள் இருவரையும் சுஷிமா தீவின் நிரந்தரச் சுற்றுலாத் தூதர்கள் ஆக்கி மறு ஆண்டே மரியாதை செய்தார்கள். சொந்தக்காரர்களுக்கே இல்லாத ஆத்திரம் நம்மவர்களுக்கு எதற்கு?

மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் நயா என்று ஒரு கிராமம். அங்கே பட்டுவா ஓவியர்கள் சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பாடிக் கதை சொல்கிறார்கள். மானசா தேவி கதையைப் பாடும் அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதே சுருளில் சுனாமி வந்திருக்கிறது, நியூயார்க் இரட்டைக் கோபுரம் இடிந்திருக்கிறது, கொரோனா பேய் முகத்தோடு நின்றிருக்கிறது. ஒன்பது வால் நரியோடு வரும் மாணவியை இவர்களிடம் அனுப்புங்கள், இது எந்த ஊர் நரி என்று யாரும் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள். நரி என்ன செய்கிறது, அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்று கேட்பார்கள். அவளிடம் அதற்குப் பதில் இல்லாவிட்டால், அதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது நியாயம்.